சீட்டில் இல்லாத ஒரு வரி: ஸ்கேனை எங்கே எடுப்பது?

மருத்துவர் கொடுக்கும் சீட்டில் பெரும்பாலும் இரண்டு சொற்கள்தான் இருக்கின்றன. ‘சி.டி. அப்டமன்’ என்றோ ‘எம்.ஆர்.ஐ. பிரெயின்’ என்றோ எழுதிக் கையெழுத்திட்டு, ‘எடுத்துட்டு வந்து காட்டுங்க’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். சீட்டுடன் வெளியே வருபவர்களுக்கு அங்கிருந்து யோசனை ஆரம்பிக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஸ்கேன் சென்டருக்குப் போனால் இன்றைக்கே வேலை முடிந்துவிடும், கட்டணமும் குறைவு. கிரீம்ஸ் சாலையிலோ பூந்தமல்லி நெடுஞ்சாலையிலோ உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போனால் ‘நல்ல மெஷின்’ என்ற நிம்மதி கிடைக்கும்; ஆனால் அரை நாள் விடுப்பும் கூடுதல் பணமும் போகும். வேளச்சேரியிலிருந்தோ வியாசர்பாடியிலிருந்தோ நடக்க முடியாத ஒரு பெரியவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நகரத்தின் நடுப்பகுதிக்கு வந்து போனவர்களுக்கு இந்த அரை நாளின் விலை தெரியும்.

இந்த யோசனையில் பலரும் எடைபோடுவது இயந்திரத்தைத்தான். எம்.ஆர்.ஐ.யின் காந்தத்திறன் எத்தனை டெஸ்லா, சி.டி. ஒரே சுற்றில் எத்தனை ஸ்லைஸ் (குறுக்குவெட்டுப் படம்) எடுக்கும் என்று விளம்பரப் பலகைகளே பேசுவதால் அது இயல்புதான். ஆனால் இடத்தைத் தீர்மானிக்க வேண்டியது வேறொரு விஷயம்: இந்தப் படத்திலிருந்து மருத்துவர் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதும், அந்தக் கேள்விக்கு ஏற்றபடி படம் எடுத்து, எடுத்ததைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவர் எங்கே இருக்கிறார் என்பதும்.

எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொன்னால் இது தெளிவாகும். 68 வயதான என் பெரியம்மாவுக்கு வயிற்று உபாதைக்காக அல்ட்ராசவுண்ட் எடுத்தபோது கல்லீரலில் ஒரு சிறிய கட்டி தெரிந்தது. மருத்துவர் சி.டி. எழுதிக் கொடுத்தார், சீட்டில் ‘சி.டி. அப்டமன், கான்ட்ராஸ்ட்’, அதாவது உறுப்புகளைப் படத்தில் எடுத்துக்காட்டும் மருந்தை ஏற்றி எடுக்கும் வயிற்று சி.டி., என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. நாங்களும் அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு, அருகில் இருந்த ஸ்கேன் சென்டருக்குப் போனோம். கையில் ஊசி வழியாக மருந்து ஏற்றி, ஏறத்தாழ 70 விநாடி கழித்து ஒரு முறை படம் எடுத்தார்கள். காரணம் தெரியாத வயிற்று வலிக்குப் பெரும்பாலும் இப்படித்தான் எடுப்பார்கள். மாலையில் வந்த ரிப்போர்ட், கட்டி இருப்பதை உறுதி செய்தது. கட்டியின் தன்மையை அறிய மூன்று கட்ட சி.டி. எடுத்துப் பார்க்கலாம் என்று முடிந்தது. அதாவது, எந்தக் கேள்விக்காகப் போனோமோ அந்தக் கேள்வி அப்படியே எங்களுடன் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

மூன்று கட்டம் என்பது என்ன? ஏற்றிய மருந்து முதலில் தமனி வழியாகக் கல்லீரலை அடையும். ஏறத்தாழ 30 முதல் 35 விநாடிக்குள் எடுக்கும் படத்தில், தமனி இரத்தத்தை அதிகமாக இழுக்கும் கட்டிகள் வெளிச்சமாகத் தெரியும். 70 விநாடியில் மருந்து, குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை வழியாக வந்து கல்லீரல் முழுவதும் நிறைந்திருக்கும். மூன்று முதல் ஐந்து நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில், மருந்து எந்தக் கட்டியில் தங்கியிருக்கிறது, எதிலிருந்து வெளியேறிவிட்டது என்பது தெரியும். கல்லீரல் புற்றுநோய்க் கட்டி முதல் கட்டத்தில் பளிச்சென்று ஒளிர்ந்து, பிந்தைய கட்டங்களில் சுற்றியுள்ள திசுவைவிட மங்கிப்போவது வழக்கம். ஹீமான்ஜியோமா எனப்படும் தீங்கற்ற இரத்தக்குழாய்க் கட்டியோ ஓரத்திலிருந்து திட்டுத் திட்டாக நிறையத் தொடங்கி, மெல்ல உள்நோக்கி நிறையும். நடுக் கட்டத்தின் ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது பல நேரங்களில் இயலாது.

ஒரு மருத்துவமனையில் மறுபடியும் எடுத்தோம். ஹீமான்ஜியோமா என்று வந்தது. ஆனால் அதற்குள் இரண்டு முறை மருந்து, இரண்டு பில், இரண்டு முறை கதிர்வீச்சு. வயிற்றுக்கான ஒரு சி.டி.யில் உடலுக்குச் சேரும் கதிர்வீச்சு சுமார் 8 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து ஒருவர் பெறும் கதிர்வீச்சின் உலக சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். எத்தனை கட்டம் எடுக்கிறார்களோ அதற்கேற்ப இந்த அளவு கூடும். 68 வயதில் இது பெரிய கவலை இல்லை. 20 வயதுப் பெண்ணுக்கு வீணாக ஒரு முறை எடுத்திருந்தால் வருந்தியிருக்க வேண்டும். ஸ்கேன் சென்டர்மேல் குறை சொல்லவும் இடமில்லை. அவர்களிடம் நல்ல கருவி இருந்தது. மூன்று கட்டமும் அங்கேயே எடுத்திருக்கலாம். ‘கல்லீரலில் கட்டி, தன்மை அறிய’ என்ற ஒரு வரி சீட்டில் இருந்திருந்தாலோ, பழைய ரிப்போர்ட்டை நாங்கள் கையோடு கொண்டுபோயிருந்தாலோ அவர்களே கேட்டு அப்படி எடுத்திருப்பார்கள். ஆகவே, எங்கே எடுப்பது என்று கேட்பதற்கு முன், மருத்துவரிடம் ‘இதில் எதைப் பார்க்கப் போகிறீர்கள், அதைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்டு வாங்குவது நல்லது. பெரும்பாலான மருத்துவர்கள் தயங்காமல் எழுதிக் கொடுக்கிறார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.

அடுத்தது, படத்தைப் படிப்பவர் யார் என்பது. இதில் அல்ட்ராசவுண்டுக்கும் சி.டி., எம்.ஆர்.ஐ. ஆகியவற்றுக்கும் இடையே உள்ள அடிப்படை வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை.

காலையில் எந்த ஸ்கேன் சென்டருக்குப் போனாலும், மடியில் தண்ணீர் பாட்டிலுடன் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரவேற்பு மேசைப் பெண் தலையை நீட்டி, ‘யூரின் ஃபுல் ஆயிடுச்சாம்மா?’ என்று கேட்பார். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் ஒலி அலைகள் தடையின்றிச் சென்று கருப்பையைத் தெளிவாகக் காட்டும். உள்ளே போனால், மருத்துவர் ஜெல் தடவிக் கருவியை வயிற்றில் வைத்து, சாய்த்தும் அழுத்தியும் ‘மூச்சை இழுத்துப் பிடிங்க’ என்று சொல்லியும் தேடுகிறார். அவர் கண்ணுக்குத் தென்படுவதுதான் அந்த ஸ்கேன். கருவியை அவர் நகர்த்தாத இடம் யாருக்கும் தெரியப்போவதில்லை. பிறகு அச்சிட்டுத் தரும் நான்கைந்து படங்களை வேறொரு நிபுணரிடம் காட்டினால் அவரால் அதிகம் சொல்ல முடியாது, மறுபடி எடுக்கத்தான் வேண்டும். அல்ட்ராசவுண்டில் எடுப்பவரும் படிப்பவரும் ஒருவரே என்பதால், கட்டடத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட ஆளைத் தேர்ந்தெடுப்பதே முக்கியம். இருபது ஆண்டுகளாக ஒரே பேட்டையில் பித்தப்பைக் கல்லும் சிறுநீரகக் கல்லும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மருத்துவர், பெரிய மருத்துவமனையின் பரபரப்பான காலை நேரத்தில் ஆள் மாற்றி ஆள் பார்க்கும் ஒரு புதியவரைவிட மேலானவராக இருக்கக்கூடும்.

கர்ப்பிணிகளுக்கு 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் அனாமலி ஸ்கேன் மட்டும் வேறு கணக்கு. குழந்தையின் இதயத்தின் நான்கு அறைகள், அதிலிருந்து புறப்படும் இரத்தக்குழாய்கள், மூளையின் அமைப்பு, முதுகுத்தண்டு என்று ஒவ்வொன்றாகப் பொறுமையுடன் தேட வேண்டிய பரிசோதனை இது. வழக்கமான வளர்ச்சி ஸ்கேன்களைப் பக்கத்திலேயே எடுத்துக்கொண்டாலும், இந்த ஒன்றையும், 11 முதல் 14 வாரத்துக்குள் கருவின் கழுத்துக்குப் பின்னுள்ள நீர்ப்படலத்தை அளக்க எடுக்கும் என்.டி. ஸ்கேனையும், கரு மருத்துவத்தில் தனிப்பயிற்சி பெற்றவரிடம் எடுப்பது அந்த அலைச்சலுக்குத் தகும். மூத்த குழந்தைக்கு இதயக் கோளாறு இருந்தாலோ தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தாலோ, இதில் விருப்பத்துக்கே இடமில்லை என்பது என் கருத்து.

சி.டி.யிலும் எம்.ஆர்.ஐ.யிலும் நிலைமை நேர்மாறானது. எடுப்பவர் டெக்னீஷியன், படிப்பவர் கதிரியக்க மருத்துவர். அவர் அதே கட்டடத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. தாம்பரத்தில் இரவு பத்து மணிக்கு எடுத்த படத்தை அண்ணா நகரில் தன் வீட்டில் இருக்கும் ஒருவரோ பெங்களூருவில் இருக்கும் ஒருவரோ கணினித் திரையில் பார்த்து ரிப்போர்ட் அனுப்புவது இன்று சாதாரணம். இதில் குறையும் உண்டு, நிறையும் உண்டு. நோயாளியைப் பார்க்காமல், சீட்டில் உள்ள இரண்டு சொற்களை மட்டும் வைத்துப் படிக்கிறார் என்பது குறை. முழுப் படத்தொகுப்பும் டிஜிட்டல் வடிவில் இருப்பதால், அதை எந்தச் சிறப்பு நிபுணரிடமும் கொண்டுபோய் மறுபடி எடுக்காமலே இரண்டாவது கருத்து கேட்கலாம் என்பது நிறை. பக்கத்தில் எடுத்து, தூரத்தில் படிக்கச் சொல்லலாம். உள்ளூரா சிறப்பு மருத்துவமனையா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தவிப்பவர்களுக்கு இப்படியொரு நடுவழி இருப்பது பெரும்பாலும் நினைவுக்கு வருவதில்லை.

இயந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எம்.ஆர்.ஐ.யில் 1.5 டெஸ்லா என்பது இன்றைக்கு நிலைபெற்ற தரம். முதுகெலும்பு ஜவ்வு விலகல், முழங்கால் ஜவ்வுக் கிழிசல், தலைவலிக்கான பொதுவான மூளைப் படம் ஆகியவற்றுக்கு அது போதும். 3 டெஸ்லா கருவியின் நுணுக்கம், வலிப்பு நோய்க்கான மூளைப் பரிசோதனையிலும் புராஸ்டேட் சுரப்பியைப் பார்ப்பதிலும் பயன்படுகிறது. அதே நேரத்தில், மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையில் பொருத்திய உலோகத்தைச் சுற்றி எடுக்கும்போது 3 டெஸ்லாவில் படம் கூடுதலாகச் சிதையும், உலோகம் பொருத்தியவர்களுக்கு 1.5 தான் ஏற்றது. சில இடங்களில் உள்ள ‘ஓபன் எம்.ஆர்.ஐ.’ கருவிகளில் குறைந்த காந்தத்திறன் கொண்டவையும் உண்டு. குகைக்குள் படுக்க அஞ்சுபவர்களுக்கு அவை ஆறுதல். நுட்பமான கேள்விகளுக்கு அவற்றை நம்பக் கூடாது. சி.டி.யில் கல்லையோ சைனஸையோ நுரையீரலையோ பார்க்க 16 ஸ்லைஸ் கருவியே போதும்; துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தின் இரத்தக்குழாய்களைப் பார்க்க 64 ஸ்லைஸாவது வேண்டும், கூடவே இதயத்துடிப்பை மாத்திரை கொடுத்துக் குறைத்து எடுத்துப் பழகிய குழுவும் வேண்டும்.

பக்கத்திலேயே முடித்துக்கொள்ளக் கூடியவை இதிலிருந்து தாமாகவே தெரியவரும். எக்ஸ்ரே, சிறுநீரகக் கல்லுக்கான மருந்தில்லாத சி.டி., பித்தப்பைக்கான அல்ட்ராசவுண்ட், முழங்காலுக்கும் இடுப்புக்குமான எம்.ஆர்.ஐ. போன்றவற்றுக்காக நகரத்தைக் கடப்பதில் பயனில்லை.

சிறப்பு மருத்துவமனைக்கே போக வேண்டியவற்றில், படத்தின் தரத்தைவிடச் சூழ்நிலையே காரணமாக அமைவதுண்டு. மூன்று வயதுக் குழந்தை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்காது; மயக்கம் கொடுக்க வேண்டும், மயக்க மருத்துவர் கூடவே இருக்க வேண்டும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கு, அந்தக் கருவி எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற வகைதானா என்று பார்த்து, எடுப்பதற்கு முன்னும் பின்னும் அதன் அமைப்பைச் சரிசெய்ய இதயப் பிரிவின் துணை தேவை. முன்பு ஒருமுறை கான்ட்ராஸ்ட் மருந்து ஒவ்வாமல் மூச்சுத்திணறியவர்களும், இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு கூடியிருக்கும் சிறுநீரக நோயாளிகளும், தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள கட்டடத்தில் எடுப்பதே பாதுகாப்பு. காந்த அறையின் ஆபத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2018 ஜனவரியில் மும்பையில் மாநகராட்சி மருத்துவமனை ஒன்றின் எம்.ஆர்.ஐ. அறைக்குள் ஆக்சிஜன் சிலிண்டரை எடுத்துச் சென்ற உறவினர் ஒருவர், காந்தத்தால் சிலிண்டருடன் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். பெரிய மருத்துவமனை என்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடுவதில்லை. வாசலில் வளையல், சாவி, செல்போன், உடலில் உள்ள கம்பி பற்றியெல்லாம் விடாமல் கேட்டு எரிச்சலூட்டும் டெக்னீஷியன் சிறிய சென்டரில் இருந்தால் அங்கே தயங்காமல் படுக்கலாம்.

புற்றுநோய் சந்தேகம் என்றால், எந்த இடத்தில் சிகிச்சை நடக்கப்போகிறதோ அங்கேயே அல்லது அவர்கள் சொல்லும் இடத்தில் எடுப்பது பல வாரங்களை மிச்சப்படுத்தும். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் நிறுவனம் போன்ற இடங்களில், அறுவை மருத்துவரும் கதிர்வீச்சு மருத்துவரும் படத்தைப் படிப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவெடுக்க முடிகிறது. வரிசையும் முக்கியம். புராஸ்டேட்டில் ஊசி வைத்துத் திசு எடுத்துவிட்டு அதன்பின் எம்.ஆர்.ஐ.க்குப் போனால், உள்ளே கசிந்த இரத்தம் படத்தைக் குழப்பும். அது வற்றுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம்கூடக் காத்திருக்க நேரிடும். கதிரியக்க மருந்தைச் செலுத்தி, புற்றுநோய் உடலில் எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்க்கும் பெட் சி.டி.க்குத் தேர்வு என்ற பேச்சே இல்லை, அது சில இடங்களில் மட்டுமே உண்டு. அதில் பயன்படுத்தும் ஃப்ளோரின்-18 மருந்தின் கதிரியக்கம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும் என்பதால், கொடுத்த நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்வது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது.

ஸ்கேன் சென்டரின் பக்கமே போகக் கூடாத ஒரு நிலையும் உண்டு. முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை திடீரென்று தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, ‘முதலில் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம்’ என்று பக்கத்தில் போய் எடுத்து, பிலிமைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு மருத்துவமனை தேடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பக்கவாதத்தில், அடைபட்ட மூளைப் பகுதியில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது மருத்துவக் கணிப்பு. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கியதிலிருந்து நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆகவே, சி.டி.யும் அந்த ஊசியும் நரம்பியல் மருத்துவரும் ஒரே இடத்தில் இருக்கும் மருத்துவமனைக்கு 108-ஐ அழைத்து நேரே போய்விட வேண்டும்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது, அரசு மருத்துவமனைகளை மறந்துவிட்டுத் தனியார் சென்டருக்கும் தனியார் மருத்துவமனைக்கும் இடையில் மட்டும் ஒப்பிடுவது சென்னைவாசிகளின் பழக்கம். 1664-இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தொடங்கிய ஜி.ஹெச்., அதாவது ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் வளாகத்தில், 1934-இல் திறக்கப்பட்ட பர்னார்டு கதிரியல் நிறுவனம் இருக்கிறது. கதிரியல் படித்த பல தலைமுறை மருத்துவர்கள் அங்கே உருவானவர்கள். அவர்களில் பலர் தனியார் இடங்களிலும் அமர்ந்து படிக்கிறார்கள். அரசு மருத்துவமனைகளில் சி.டி., எம்.ஆர்.ஐ. கருவிகளைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவி, தனியாரைவிட மிகக் குறைந்த கட்டணத்தில் நடத்துகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை வைத்திருப்பவர்களுக்குச் சில பரிசோதனைகளின் செலவையும் திட்டமே ஏற்கிறது. வரிசையும் காத்திருப்பும் உண்டு என்பது உண்மை. மூன்று வாரம் தள்ளினாலும் தவறில்லாத முழங்கால் வலிக்கும், மூன்று நாள்கூடத் தள்ளக் கூடாத கட்டிக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநோயாளியாக எடுக்கும் ஸ்கேனுக்குப் பல பாலிசிகள் பணம் தருவதில்லை. ஆனால் அதே நோய்க்காகப் பிறகு மருத்துவமனையில் சேர்ந்தால், சேர்வதற்கு முந்தைய 30 அல்லது 60 நாட்களின் பரிசோதனைச் செலவை, மருத்துவர் சீட்டும் பில்லும் இருந்தால், திரும்பப் பெற முடியும். பில் போடாமல் நூறு இருநூறு குறைத்துத் தருவதாகச் சொல்லும் இடத்தில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

குறிப்பிட்ட ஒரு சென்டரின் பெயர் அச்சிட்ட சீட்டில் எழுதித் தந்தார்கள் என்பதால் அங்கேதான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நோயாளியை அனுப்புவதற்காக மருத்துவர் கமிஷன் வாங்குவதை இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் தடை செய்கின்றன. அதற்காக, பெயர் சொல்லி அனுப்பும் ஒவ்வொருவரையும் சந்தேகிப்பதும் சரியில்லை. ‘அந்த டாக்டர் பார்த்தால்தான் எனக்கு ரிப்போர்ட் நம்பிக்கை’ என்று மனதார அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். ஏன் அந்த இடம் என்று கேட்டால் வரும் பதிலில் ஓர் ஆளின் பெயரோ ஒரு பரிசோதனை முறையோ இருந்தால், போய்விடலாம். எக்ஸ்ரே, சி.டி. கருவிகளுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும் என்பதையும், அல்ட்ராசவுண்ட் வைத்திருக்கும் ஒவ்வொரு இடமும் கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்து, சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும் என்பதையும் தெரிந்துவைத்திருந்தால், வரவேற்பறையில் காத்திருக்கும் நேரத்திலேயே சுவரைப் பார்த்துச் சிலவற்றைப் புரிந்துகொள்ளலாம்.

எங்கே எடுத்தாலும், கிளம்புவதற்கு முன் குறுந்தட்டிலோ (சி.டி. டிஸ்க்) பென் டிரைவிலோ முழுத் தொகுப்பையும் கேட்டு வாங்க வேண்டும். வயிற்றுக்கான ஒரு ஸ்கேனில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும். அச்சிட்டுத் தரும் பிலிமில் டெக்னீஷியன் தேர்ந்தெடுத்த சிலவே இருக்கும். டியூப்லைட்டுக்கு நேரே பிலிமைப் பிடித்து, அதைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கருத்து கேட்பதால் அந்த நிபுணருக்கும் நமக்கும் நேரம்தான் வீண். பெரியம்மாவின் இரண்டாவது ஸ்கேனைப் படித்த மருத்துவர் எங்களை உள்ளே அழைத்து முதலில் கேட்டது, முதல் சென்டரில் எடுத்த படத்தைத்தான். பிலிமை நீட்டினோம். அதை உறையிலிருந்து எடுக்காமலே ஒதுக்கி வைத்துவிட்டு, ‘சி.டி. டிஸ்க் இருக்காம்மா?’ என்றார். இருந்தது, பில்லுடன் சேர்த்து அந்த உறையின் அடியில்தான் கிடந்தது. இரண்டு படங்களையும் பக்கம் பக்கமாகத் திரையில் போட்டு, மூன்று வார இடைவெளியில் கட்டி ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை என்று அளந்து காட்டினார். ஆறு மாதம் கழித்து ஓர் அல்ட்ராசவுண்ட் போதும், அதை வீட்டுக்குப் பக்கத்திலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தார். இந்த முறை சீட்டில் கட்டியின் இடமும் அளவும் இருந்தன.